வலி இரண்டு என்று சொன்னவருக்கு

என் அன்பான இஞ்சாருங்கோவுக்கு,

முப்பத்தாறு வருடத்தில் ஒரு நாளும் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அடுக்களையிலிருந்து ‘இஞ்சாருங்கோ’ என்றால் போதும், பேப்பரிலிருந்து கண்ணெடுக்காமலே ‘ம்’ என்பீர்கள். இந்த நாலு வருடமாகத்தான் உங்கள் முழுப்பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து, ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். வக்கீல் ஆபீசில், கோர்ட்டில், ஆஸ்பத்திரி கவுன்டரில். அவர்கள் உங்களுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். ‘காலஞ்சென்ற நோயாளி.’

வழக்கு முடிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ‘சந்தோஷப்படுங்கோ அம்மா’ என்கிறாள் வாணி. உங்கள் மகளுக்கு எல்லாம் சட்டென்று முடிய வேண்டும், உங்களைப் போல. எனக்குக் களைப்பாக இருக்கிறது. காலையில் எழும்பும்போதே களைப்பு. தேநீரைப் போட்டுவிட்டுக் குடிக்க மறந்து, ஆறின பிறகு பார்க்கிறேன்.

இதை ஒரு பத்திரிகைக்கு அனுப்புகிறேன், மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். ஆஸ்பத்திரியின் பெயர், டாக்டரின் பெயர், கொடுத்த தொகை ஆகிய மூன்றையும் வெளியில் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்களோடு பேசக்கூடாது என்று அந்தத் தாளில் இல்லை, இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டேன். ஆனாலும் வக்கீல் பிள்ளை தர்ஷினியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு வரியை வெட்டிவிட்டு, ‘ஓகே ஆன்டி, இப்ப அனுப்பலாம்’ என்றாள். வெட்டினது நான் கோபத்தில் எழுதின இரண்டு வரி. உங்களுக்கு அது என்னவென்று தெரியும்.

எல்லாம் எப்படி நடந்தது என்று உங்களுக்கே முழுதாகத் தெரியாது, பாவம். பாதியில் மயக்கம் போட்டுவிட்டீர்கள்.

பித்தப்பையில் கல். வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டு எடுக்கிற ஆபரேஷன், மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கோலாலம்பூரில் இத்தனை ஆஸ்பத்திரி இருக்க, பிரிக்பீல்ட்ஸை விட்டுக் கிள்ளான் பக்கம் போனதே அந்த டாக்டருக்காகத்தான். கைராசிக்காரர், நம்ம ஆள், தமிழிலேயே பேசுவார் என்று கோயிலில் சொன்னார்கள். உண்மையாகவே தமிழில்தான் பேசினார். ‘அங்கிள், ஒன்னும் பயப்படாதீங்க. ஒரு வாரத்துல நீங்களே பாசாருக்கு மீன் வாங்க நடந்து போவீங்க’ என்றார். நீங்கள் எழுந்து நின்று கை கொடுத்தீர்கள். அவருக்கு நம் வாணி வயதுதான் இருக்கும். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த காலம் முழுக்கக் கழுத்துப்பட்டி கட்டியவர்கள் எல்லாருக்கும் எழுந்து நின்ற ஆள் நீங்கள், ஓய்வு பெற்ற பிறகும் அந்த முழங்காலுக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை ஆபரேஷன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரவில்லை, வயிறு நோகிறது என்றீர்கள். என்னிடம் சொன்னீர்கள். நர்ஸிடம் சொன்னீர்களா? அந்த மலாய்ப் பெண் பிள்ளை நல்ல பிள்ளை. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் வந்து, ‘அங்கிள், வலி எத்தனை? பூஜ்ஜியம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாது’ என்று கேட்பாள். நீங்கள் கட்டில் கம்பியை விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டு, ‘டூ, நர்ஸ். தேங்க்யூ’ என்பீர்கள். அவள் இரண்டு என்று எழுதிக்கொண்டு போவாள்.

ஒரு தரம் நான் குறுக்கிட்டேன். ‘பிள்ளை, இவருக்குக் கூடுதலா நோகுது’ என்றேன். அவள் போன பிறகு நீங்கள் என்மேல் பாய்ந்தீர்கள். ‘சும்மா இரும். அதுகளுக்கு ஆயிரம் வேலை. நாங்கள் ஒரு ஆள் மட்டுமே இங்க?’ நோகிறபோதும் என்னை அதட்ட மட்டும் உங்களுக்குத் தெம்பிருந்தது.

சனிக்கிழமை காலை டாக்டர் வந்தார். வாசலில் நின்றபடி, ‘ஆன்டி, எல்லாம் ஓகேயா?’ என்று கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான், ‘ஓகே டாக்டர், தேங்க்யூ டாக்டர்’ என்றேன். உங்கள் வயிறு கல்லுப்போல் இருந்ததை அன்று காலை துடைத்துவிட்ட என் கை அறியும். அப்படியிருந்தும் ஓகே என்றேன். அவர் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. திங்கட்கிழமை உங்கள் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது, கட்டிலோடு ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். குடலில் ஒரு சின்ன ஓட்டை. முதல் ஆபரேஷனில் பட்டது, மூன்று நாளாக யாரும் கவனிக்கவில்லை. புதன்கிழமை நீங்கள் இல்லை.

அந்தச் சனிக்கிழமை நான் ஓகே என்று சொல்லாமல் கத்தியிருந்தால் நீங்கள் பிழைத்திருப்பீர்களா? இந்த ஒரு கேள்விக்காகத்தான் நாலு வருடம் அலைந்தேன். மற்றவர்கள் நட்டஈட்டுக்கு என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அப்போது எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ‘விதி’ என்றார்கள் செத்தவீட்டுக்கு வந்தவர்கள். உடம்பை வெட்டிப் பார்க்க வேண்டுமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, வேண்டாம் என்று நானே தலையாட்டினேன். மறுநாள் தகனம்.

இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்களோ, தலையில் அடித்துக்கொள்வீர்களோ தெரியாது.

சிலோன்காரர் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? முப்பத்தோராம் நாளுக்கு நினைவுப் புத்தகம் அடிக்க வேண்டும். முன்னால் உங்கள் படம், உள்ளே தேவாரம், கடைசிப் பக்கத்தில் நன்றி. பிரிக்பீல்ட்ஸ் அச்சகக்காரர் அந்த நன்றிப் பக்கத்தை ஆயத்தமாகவே வைத்திருந்தார். மலர்வளையம் கொண்டுவந்தவர்களுக்கு, தேநீர் பரிமாறியவர்களுக்கு, கண்ணும் கருத்துமாய்க் கவனித்த டாக்டர் புள்ளி புள்ளி புள்ளி அவர்களுக்கு. ‘பேரை மட்டும் நிரப்பிக் கொடுங்கக்கா, மத்தது எல்லாருக்கும் ஒன்னுதான்’ என்றார். நான் பெயரை நிரப்பினேன். அதோடு விட்டேனா? ‘கண்ணும் கருத்துமாய்’ என்பது குறைவாகப் பட்டது. அடித்துவிட்டு ‘தெய்வம்போல் உடனிருந்து’ என்று எழுதிக் கொடுத்தேன்.

அதுவும் போதாதென்று, ஒரு புத்தகத்தையும் ஒரு பெட்டி லட்டையும் எடுத்துக்கொண்டு, வாணியைக் கார் ஓட்டச் சொல்லி, கிள்ளானுக்கே போய் டாக்டரின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். நாலு பேருக்கு முன்னால் மரியாதை தவறியவர்கள் என்று பெயர் வரக்கூடாது பாருங்கள்.

பிறகு இன்சூரன்ஸ் பாரம் நிரப்ப மருத்துவ அறிக்கை தேவைப்பட்டது. பணம் கட்டி, மூன்று தரம் போன் பண்ணி, ஒரு வழியாக வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற வாணியின் சிநேகிதி அதைப் படித்தாள். படித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். மறுபடி படித்தாள். ‘ஆன்டி, இவ்ளோ காய்ச்சல், இவ்ளோ பல்ஸ். மூனு நாளு ஏன் ஸ்கேன் கூட எடுக்கல?’ என்றாள். வாணி அழவில்லை. அடுத்த வாரமே என்னைப் பெட்டாலிங் ஜெயாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

டயர் கடைக்கு மேல் மாடியில் தர்ஷினியின் ஆபீஸ். லிப்ட் கிடையாது. நாலு வருடத்தில் அந்தப் படிகளை எத்தனை தரம் ஏறினேன் என்று என் முழங்காலைக் கேளுங்கள். வாணி காஜாங்கிலிருந்து வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவாள். நெரிசலில் ஒரு மணி நேரம், ஆபீசில் பத்து நிமிடம், திரும்பி வரும்போது மழை. ‘அடுத்த தேதி’ என்பார்கள். ஒரு தேதிக்கு ஆஸ்பத்திரி வக்கீலுக்கு உடம்பு சரியில்லை. ஒரு தேதிக்கு நீதிபதி மாற்றலாகிவிட்டார். பிறகு எங்களுக்காகப் பேச ஒரு சர்ஜனைத் தேடினோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் கேட்ட டாக்டர் எல்லாரும் பேப்பரைப் பார்த்து, ‘தப்புதான்’ என்றார்கள். ‘எழுதித் தாங்கோ’ என்றதும் பேச்சு நின்றது. கடைசியில் வெளிநாட்டிலிருக்கிற ஒருவர் எழுதிக் கொடுத்தார். அதற்கே ஒரு வருடம் போய்விட்டது.

இடையில் உங்களுக்கு விலையும் போட்டார்கள். ‘அங்கிள் அறுபது தாண்டிட்டாரு ஆன்டி. வருமான இழப்புன்னு சட்டப்படி கேக்க முடியாது’ என்றாள் தர்ஷினி சங்கடத்தோடு. ‘அவர் வருமானத்தையே அளந்து அளந்துதானே தருவார், பிள்ளை’ என்றேன். சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். கார்ப் பார்க்கிங்கில் வந்து அழுதேன்.

ஒரு நாள் ஆஸ்பத்திரித் தரப்பின் பதில் வந்தது. தர்ஷினி என்னை உட்காரச் சொன்னாள். முதல் தாள், உங்கள் வலிக் கணக்கு. இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு. நோயாளி தமக்கு வலி குறைவு என்று தாமே ஒவ்வொரு முறையும் தெரிவித்திருக்கிறார் என்று எழுதியிருந்தார்கள். அடுத்த தாள், போட்டோ நகல். ‘தெய்வம்போல் உடனிருந்து.’ பக்கத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு, அதில் முத்திரை. குடும்பத்தார் சிகிச்சையில் முழுத் திருப்தி அடைந்திருந்தார்களாம்.

‘ஆன்டி, இத யாரு எழுதினது?’

‘நான்தான்.’

‘இது எப்படி அவங்க கைக்குப் போச்சு?’

‘நான்தான் கொண்டுபோய்க் குடுத்தனான். லட்டோட.’

தர்ஷினி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது கண் கலங்கியிருந்தது. ‘எங்க அம்மாவா இருந்தா வடையும் சேத்துக் கொடுத்திருப்பாங்க லா’ என்றாள்.

உங்கள்மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. உயிர் போகிற வலியில் இரண்டு என்று சொல்ல எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள்? என்மேலும்தான் கோபம். புருஷனும் பெண்சாதியுமாகச் சேர்ந்து எதிராளிக்குச் சாட்சி எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவர் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை, நம் நல்ல பழக்கமே அவருக்குப் போதும்.

‘அங்கிள் ரெண்டுன்னு சொன்னாரு, சரி’ என்றாள் தர்ஷினி. ‘அதே பேப்பர்ல பல்ஸ் ஏறுது, காய்ச்சல் ஏறுது. அத யாரு பாக்கணும்? அங்கிளா பாக்கணும்?’ அவள் சொன்னது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டே இருந்தேன். நான் கத்தியிருந்தால்?

ஷா ஆலம் கோர்ட்டில் விசாரணைக்குத் தேதி வைத்த பிறகு, அதற்கு முன் ஒரு நாள் பேசித் தீர்க்கப் பாருங்கள் என்றார்கள். போன மாதம் போனோம். ஒரு அறையில் நானும் வாணியும் தர்ஷினியும். அடுத்த அறையில் அவர்கள். நடுவில் சமரசம் பேசுகிற ஒரு சீன அம்மா, இங்கேயும் அங்கேயும் நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தரமும் ஒரு தாளில் எண்ணோடு வருவார், வேறொரு எண்ணோடு திரும்புவார். மத்தியானத்துக்குள் எண் ஒரு இடத்தில் நின்றது. தவறை ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் கொடுக்கிறோம் என்றார்கள்.

‘நல்ல முடிவு ஆன்டி’ என்றாள் தர்ஷினி. ‘விசாரணைக்குப் போனா இன்னும் ரெண்டு மூனு வருஷம் இழுக்கும். உங்கள கூண்டுல ஏத்தி அந்த நன்றிப் பக்கத்த சத்தமா படிக்கச் சொல்லுவாங்க.’

நான் பேனாவைத் தொடவில்லை.

‘அம்மா, காசு காணாதா?’ என்றாள் வாணி. அவளும் களைத்துப்போய் இருந்தாள், உங்கள் பிள்ளைக்கு நரை விழுந்துவிட்டது தெரியுமா?

‘காசுக்காக இல்லை. அந்த டாக்டரிட்ட ஒண்டு கேக்கவேணும்.’

சீன அம்மா போய்க் கேட்டுவிட்டு வந்தார். முடியாது என்று அவர்கள் வக்கீல் சொல்லிவிட்டாராம். தண்ணீர் குடிக்க வெளியில் வந்தேன். தாழ்வாரத்தின் முனையில் தண்ணீர் மிஷின். அதன் முன்னால் காகிதக் குவளையோடு நின்றவர் டாக்டர்.

முடி பாதி கொட்டியிருந்தது. என்னைக் கண்டதும் ஒதுங்கி வழி விட்டார். பெரியவர்களுக்கு வழி விடுகிற பிள்ளையாகத்தான் வளர்த்திருக்கிறார்கள். எனக்கு அதைக் கண்டு இன்னும் கோபம் வந்தது.

‘டாக்டர், சனிக்கிழமை நீங்கள் கேட்டனீங்கள். நான் ஓகே எண்டு சொன்னனான். அப்பிடிச் சொல்லாமல் நான் கத்தியிருந்தால், இவர் இருந்திருப்பாரோ?’

அவர்கள் வக்கீல் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, ‘டாக்டர், ப்ளீஸ்’ என்றார். டாக்டர் ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கினார். வழக்கு, ஆலோசனை என்று இரண்டு வார்த்தை வந்தது. பிறகு நிறுத்தினார். குவளையை மிஷின் மேல் வைத்தார்.

‘நீங்க சொன்னதால இல்ல ஆன்டி’ என்றார். ‘நான் வயித்தத் தொட்டுப் பாத்திருக்கணும். வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டேன். ஞாயித்துக்கிழமை நர்ஸ் ரெண்டு வாட்டி போன் பண்ணாங்க. வயிறு வீங்கிருக்கு, பல்ஸ் ஏறுது, வாங்கன்னு சொன்னாங்க. நான் போன்லயே மருந்து சொல்லிட்டேன். மறுநாள் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்.’

கேட்டீர்களா? அந்தப் பிள்ளை கத்தியிருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம், அவள் நமக்காக இரண்டு தரம் கத்தியிருக்கிறாள். ஆஸ்பத்திரித் தாளில் ‘டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு தரப்பும் ஒரு வருடம் கடிதம் எழுதிச் சண்டை பிடித்தார்கள்.

ஆறுதலாக இருந்ததா என்று கேட்காதீர்கள். சுவரைப் பிடித்துக்கொண்டேன். நான் கொல்லவில்லை என்று தெரிந்துகொள்ள நாலு வருடம் பிடித்தது. அதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் பிடித்தது. அந்த ஒரு நிமிடத்தை முதல் மாதமே தந்திருந்தால் நான் அந்த மாடிப்படி ஏறியே இருக்க மாட்டேன்.

‘மன்னிச்சிருங்க ஆன்டி’ என்றார்.

சொல்லிவிட்டு நின்றார். இதற்குப் பதில் ஒன்று உண்டு, உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். காலை மிதித்தவனுக்கும், கண்ணாடியை உடைத்தவனுக்கும், கல்யாணத்துக்கு வராதவனுக்கும் அதைத்தானே சொல்லி வளர்ந்தோம்? என் வாய் தானாகவே திறந்துவிட்டது. முதல் எழுத்து உதட்டில் வந்து நின்றது.

நான் ‘பரவாயில்லை’ என்று சொல்லவில்லை.

அவர் மிஷின் மேல் வைத்த குவளையை எடுத்துக்கொண்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு போனார். நான் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். ‘என்னம்மா நடந்தது, ஏன் அழுறீங்க?’ என்றாள் வாணி. ‘ஒருத்தரிட்ட மரியாதை இல்லாமல் நடந்திட்டன்’ என்றேன்.

உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். ‘பாவம், அந்தப் பெடியன் மன்னிப்புக் கேட்டானே, ஒரு சொல்லுச் சொன்னால் என்ன?’ என்பீர்கள். சொல்ல முடியவில்லை. பரவாயில்லை என்றால் நீங்கள் போனது பரவாயில்லை என்று ஆகிவிடும். அவர்மேல் இப்போது வெறுப்பு இல்லை. வெறுக்கவும் தெம்பு வேண்டும் அல்லவா?

தொகையில் ஒரு பங்கை வாணி பிள்ளைகளின் படிப்புக்கு வைத்தாயிற்று. அந்த நர்ஸ் பிள்ளை வேறு எங்கோ மாறிப் போய்விட்டாளாம். அவளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். லட்டு கொண்டுபோக மாட்டேன், பயப்படாதீர்கள். நீ கூப்பிட்டது எனக்குத் தெரியும் என்று மட்டும் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

நாலு வருடமாக ஒவ்வொரு காலையும் விளக்கேற்றிவிட்டு உங்கள் படத்துக்கு முன்னால் நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வாணிக்குத் தெரியாது. சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்திருப்பாள். நாளையிலிருந்து அதைச் சொல்ல மாட்டேன். வாக்குத் தருகிறேன். உங்களிடம் இனி மன்னிப்புக் கேட்க மாட்டேன். விளக்கை ஏற்றிவிட்டு, மீன் விலையையும், எதிர்வீட்டுக்காரன் காரை நம் கேட்டுக்கு முன்னால் நிறுத்துகிறதையும், முழங்கால் நோவையும் சும்மா கதைப்பேன். நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டு கேட்காத மாதிரியே இருங்கோ.

இப்படிக்கு,
முப்பத்தாறு வருடம் உங்களோடு சண்டை பிடித்து, இன்னும் முடிக்காத
உங்கள் மனைவி,
சிவகாமி
பிரிக்பீல்ட்ஸ்